மண்வெட்டிப் பட்டாளம்

காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் ஒரு காலத்தில் பீரங்கிகள் கிடந்தன. 1780 செப்டம்பரில் அவற்றைக் குளத்தில் தள்ளியவர் சர் ஹெக்டர் மன்றோ. பதினாறு வருஷத்துக்கு முன் பக்சாரில் ஜெயித்துப் பேர் வாங்கிய கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி. கனத்த பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வேகமாகப் பின்வாங்க முடியாது, விட்டுப் போனால் ஹைதர் அலி எடுத்துக்கொள்வார். அதனால் தண்ணீரில் இறக்கிவிட்டுச் சென்னையைப் பார்க்கப் படையைத் திருப்பினார். அதற்குச் சற்று முன்புதான், செப்டம்பர் 10 அன்று, பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து நொறுக்கியிருந்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும் கும்பினிப் படையின் கட்டுக்கோப்பு குலைந்தது. ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அந்தக் காட்சியை வரைய வைத்தார். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

புள்ளலூருக்குச் சரியாக இருபது நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, சென்னையில் இரண்டு கம்பெனி ஆட்களைச் சேர்த்தார்கள். பெயர் ‘மெட்ராஸ் பயோனியர்ஸ்’. சுடுவது இவர்களுடைய முதல் வேலை இல்லை. படை போகிற வழியில் மேடு இருந்தால் வெட்டவேண்டும், பள்ளம் இருந்தால் நிரப்பவேண்டும், ஆறு இருந்தால் பாலம் போடவேண்டும், கோட்டை இருந்தால் அதன் அடியில் போய்த் தோண்டவேண்டும். கடப்பாரையும் கோடரியும் மண்வெட்டியும்தான் ஆயுதம். இன்று பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு மூலவர்கள் இந்த இரண்டு கம்பெனிக்காரர்கள்தான்.

தமிழ் இலக்கணத்தில் கோட்டையை வளைப்பதற்கு ஒரு பூ உண்டு, காப்பதற்கு ஒரு பூ உண்டு. வளைப்பவன் உழிஞை சூடுவான், உள்ளே நின்று காப்பவன் நொச்சி சூடுவான். மதிலேறியவனுக்குத் தனித் துறை வைத்துப் பாடினார்கள். ஏணியைச் சுமந்துபோய்ச் சாத்தினவன் பெயரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தப் பட்டாளத்துக்குப் பின்னால் வந்த ‘சாப்பர்’ என்ற பெயரே கோட்டைக்குப் பள்ளம் தோண்டிப் போகிற வேலையிலிருந்து வந்தது. கோட்டையை முற்றுகையிடும்போது நேராகப் போனால் மதில் மேலிருந்து சுட்டுத் தள்ளிவிடுவார்கள். ஆகவே பாம்பு போவதுபோல வளைத்து வளைத்து ஒரு பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகவேண்டும். அந்தப் பள்ளத்துக்குத்தான் ‘சாப்’ என்று பெயர். முன்னால் இருப்பவன் முழங்காலில் நின்று வெட்டுவான். நிமிர்ந்தால் தலை போய்விடும். எடுத்த மண்ணை மிலாறால் பின்னிய கூடையில் நிரப்பிப் பக்கவாட்டில் அடுக்குவார்கள். கூடை நிரம்புகிறவரை மறைப்பு கிடையாது. ஒரு கூடை நிரம்பினால் ஒரு முழம் முன்னேற்றம். பின்னால் வருகிறவர்கள் பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டே வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் பீரங்கி வரும். அதற்கும் பின்னால் கொடியும் முரசும் வரும். பத்திரிகைகளும் ஓவியர்களும் கவனிக்க ஆரம்பிப்பது அந்தக் கட்டத்தில்தான்.

மண் வேலையை யார் செய்வது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. வங்காளப் படையில் இருந்த உயர்சாதிச் சிப்பாய்கள் பலர், துப்பாக்கி பிடிப்போம், மண்வெட்டியைத் தொடமாட்டோம் என்று முரண்டு பிடித்தது அந்தக் காலத்து ராணுவக் குறிப்புகளில் அடிக்கடி வருகிற சங்கதி. தோண்டுவது கூலியாள் வேலை என்பது அவர்கள் எண்ணம். சென்னைப் பக்கம் அந்தப் பிரச்சினை வரவில்லை. ஊர் ஒதுக்கிவைத்திருந்த சாதிகளிலிருந்தும் கிறிஸ்தவர்களிடமிருந்தும் ஏராளமானோர் இந்தப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஏரி மராமத்தும் கிணறு வெட்டும் தெரிந்த கைகள். ஊரில் எந்த வேலைக்காகத் தள்ளி நிற்கவேண்டியிருந்ததோ அதே வேலைக்கு இங்கே சம்பளம், சீருடை, பென்ஷன் எல்லாம் கிடைத்தன. பிற்காலத்தில் இந்தப் படைக்கு விக்டோரியா அரசியின் பெயர் சேர்ந்து ‘குயின்ஸ் ஓன் சாப்பர்ஸ்’ ஆனபோது, அதைச் சுருக்கிக் ‘குயின்சாப்’ என்றார்கள். சாதி என்ன என்று கேட்டால் ‘குயின்சாப்’ என்று பதில் சொல்கிற குடும்பங்கள் இருந்ததாகப் பட்டாளத்தில் சொல்வதுண்டு. வேடிக்கைக்குச் சொன்னதாகவே இருந்தாலும், அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறதே!

இரண்டு கம்பெனிகளைத் திரட்டியவர் ஜோசப் மூர்ஹவுஸ். அப்போது அவர் லெப்டினன்ட்தான். அக்கால ஆங்கிலேயப் படையில் அதிகாரி ஆவதற்குக் குடும்பமோ பணமோ சிபாரிசோ வேண்டும். மூர்ஹவுஸ் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். மைசூர்ப் போர்களின் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ், மூர்ஹவுஸுக்குப் பள்ளிப்படிப்பு இல்லை, தானே கற்றுத் தன்னை ஒரு விஞ்ஞானியாக்கிக்கொண்டார், பழகியவர்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். படைத் தலைவர்களைப் பற்றி எழுதும்போது வில்க்ஸ் எளிதில் நெகிழ்கிறவர் இல்லை. அதனால் இதற்கு மதிப்பு உண்டு.

மூர்ஹவுஸ் பிறகு பீரங்கிப் படையில் லெப்டினன்ட் கர்னல் ஆனார். 1791 மார்ச் 7 அன்று காரன்வாலிஸின் படை பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கியது. பேட்டையைச் சுற்றிலும் முள்வேலியும் அகழியும் இருந்தன. வாசல் கதவை உடைக்கப் பீரங்கியைக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு லெப்டினன்ட் கர்னல் தானே போய்ச் செய்யவேண்டிய வேலையில்லை அது. மூர்ஹவுஸ் போனார், அங்கேயே குண்டு பட்டு விழுந்தார். அந்தப் படையோடு பயணம் செய்த ஓவியர் ராபர்ட் ஹோம், அவர் சாவைப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். அவர் தொடங்கிய பட்டாளம் பல ஊர் சுற்றிவிட்டு 19ஆம் நூற்றாண்டில் நிலையாக வந்து தங்கியது, அவர் செத்த அதே ஊரில்தான்.

ஊர் சுற்றியது என்று சும்மா சொல்லவில்லை. 1801இல் எகிப்து. 1811இல் ஜாவா. அப்புறம் பர்மா. 1840இல் சீனா, அதற்காகக் கிடைத்த தங்க டிராகன் சின்னம் பட்டாளத்தின் பெருமைகளில் ஒன்று. 1860இல் மறுபடி சீனா, பீக்கிங் வரை. இடையில் சிந்துவின் மியானி, 1857 கலகத்தின்போது லக்னோ. 1868இல் அபிசீனியா. மக்தலா மலைக்கோட்டைத் தாக்குதலில் நடந்த கூத்து ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வாசல் வரை போன பொறியாளர் பிரிவு, வெடிமருந்துப் பீப்பாய்களையும் ஏணிகளையும் கொண்டுவர மறந்துவிட்டது. வந்த வேலையே அதுதான்! கடைசியில் காலாட்படைக்காரர்கள் முள்வேலியையும் சுவரையும் தாவிக் குதித்து உள்ளே போனார்கள்.

இந்தப் பட்டியலைப் பெருமையாக மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியாது. 1840 சீனப் போர் என்பது அபினி விற்கும் உரிமைக்காக நடந்த போர். திருச்சியிலிருந்தும் வேலூரிலிருந்தும் போனவர்களுக்கு அந்த வியாபாரத்தில் பங்கு இல்லை, சீனாக்காரனோடு பகையும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகையில் பள்ளம் வெட்டியவர்களும் இவர்கள்தான். யாருக்காகப் போராடினார்கள் என்ற கேள்வியையும் எப்படிப் போராடினார்கள் என்ற கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

அந்த இரண்டாவது கேள்விக்கே 1880களில் ஒரு விசித்திரமான பதில் வந்தது. 1881இலிருந்து 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரடெரிக் ராபர்ட்ஸ். பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. தென்னாட்டுக்காரனிடம் ஒரு காலத்தில் போர்க்குணம் இருந்தது, நீண்ட அமைதியில் அது செத்துவிட்டது என்பது அவர் முடிவு. சண்டை போடத் தெரிந்த இனங்கள் வடக்கிலும் வடமேற்கிலும்தான் இருக்கின்றன என்ற ‘வீர இன’க் கொள்கைக்கு அவரைவிடப் பெரிய ஆதரவாளர் இல்லை. கொள்கை காகிதத்தோடு நிற்கவில்லை. மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள், அல்லது பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள். 10வது மதராஸ் காலாட்படை இப்படித்தான் 10வது கூர்க்கா ரைபிள்ஸ் ஆனது. முதல் உலகப்போருக்குப் பின் மிச்சமிருந்த மதராஸ் ரெஜிமென்ட்டின் கடைசிப் பிரிவும் 1928இல் போயிற்று. சாப்பர்களிலிருந்து தனியாக இருந்த பயோனியர்ஸ் காலாட்படையும் 1933இல் கலைந்தது.

சாப்பர்கள் மட்டும் கலையவில்லை. ஏன் என்பதற்குக் கொள்கைக்காரர்கள் நல்ல விளக்கம் எதுவும் தரவில்லை. அதே ஊர், அதே சாதிகள், அதே சோறு. மனிதன் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்றால், எல்லோருக்கும் முன்னால் போய்க் கோட்டை வாசலில் வெடி வைக்கிறவனுக்கு என்ன பெயர்? பாலம் கட்டவும் பாதை போடவும் வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் நடைமுறைப் பதிலாக இருக்கவேண்டும். மண்வெட்டியை யாரும் வீரத்தின் கணக்கில் சேர்க்காததால் அது தப்பியது என்றும் சொல்லலாம்.

இந்தத் தொழிலில் அதிகாரத்தின் வடிவமே கொஞ்சம் வேறு மாதிரி. காலாட்படைத் தலைவன் ‘முன்னேறு’ என்று கத்தலாம். பாலம் கத்தினால் நிற்காது. எத்தனை டன் தாங்கும், ஆற்றின் அடிமண் மணலா களியா, எந்த ஆணி எந்தத் துளையில் என்பது தெரிந்தவன் சொன்னால்தான் எடுபடும். அது சில சமயம் கேப்டனாக இருப்பார், பல சமயம் இருபது வருஷ சர்வீஸ் போட்ட ஒரு சுபேதாராக இருப்பார். அப்போது கேப்டன் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். கேட்காதவன் கட்டிய பாலம் ஆற்றோடு போகும். அடக்கம் என்பதை இங்கே யாரும் நீதிநூலில் படித்துக் கற்றுக்கொள்வதில்லை.

இவர்களுக்குப் பட்டாளத்தில் நிலைத்துவிட்ட செல்லப்பெயர் ‘தம்பி’. இந்திய ராணுவத்தில் எந்த மூலைக்குப் போய்த் ‘தம்பிகள்’ என்றாலும் மெட்ராஸ் சாப்பரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்கள். தெருவில் முன்பின் தெரியாத பையனிடம் வழி கேட்கும்போது நாம் சொல்கிற அதே தம்பி. ஏவவும் உரிமை தருகிறது, பொறுப்பையும் தலையில் கட்டுகிறது; தம்பி என்று கூப்பிட்டுவிட்டு அவனை முன்னால் அனுப்பித் தான் பின்னால் நிற்பது அண்ணன் லட்சணம் இல்லை.

பெங்களூரில் இவர்களிடமிருந்து உலகத்துக்குப் போன சாமான் ஒன்று உண்டு. முதல் உலகப்போருக்கு முன்பே, மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் என்பவர், முள்கம்பி வேலியைத் தகர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். நீளமான இரும்புக் குழாய்களில் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடொன்று கோத்து, படுத்தபடியே வேலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போவது. வெடித்தால் ஆள் நுழைகிற அளவுக்கு வழி பிறக்கும். பெயர் ‘பெங்களூர் டார்பீடோ’. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் முள்கம்பியை வெட்டித் திறந்தது இதை வைத்துத்தான். அவர்களில் எத்தனை பேருக்குப் பெங்களூர் எங்கே இருக்கிறது என்று தெரியும்! கருவியின் நுட்பத்தைவிட அதைப் பயன்படுத்துகிறவனின் நிலைதான் கவனிக்கத்தக்கது. வயிற்றால் ஊர்ந்து போகவேண்டும், எதிரியின் துப்பாக்கி முகத்துக்கு நேரே இருக்கும், கையில் சுடுவதற்கு எதுவும் இருக்காது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் பெரிய சோதனை, தம்பிகள் பிறந்த மண்ணுக்குக் கொஞ்சமும் ஒட்டாத இடத்தில் நடந்தது. காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகிற ஒரே வாசல் ஜோஜி லா கணவாய், 11,500 அடிக்கு மேல். காஷ்மீர்ப் போரின்போது, 1948 கோடையில், அது பாகிஸ்தான் தரப்பின் கைக்குப் போய்விட்டது. செப்டம்பரில் நடந்த காலாட்படைத் தாக்குதல்கள் தோற்றன. பனிக்காலம் வந்துவிட்டால் லே நகரம் துண்டிக்கப்படும். மேஜர் ஜெனரல் திம்மய்யா, டாங்குகளை மேலே கொண்டுபோனால் என்ன என்று கேட்டார். கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதைப் பாதை. அந்த உயரத்தில் அதுவரை யாரும் டாங்கு ஓட்டியது கிடையாது.

பாதையை அகலப்படுத்தும் வேலை மெட்ராஸ் சாப்பர்ஸின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகளுக்கு வந்தது, தலைமை மேஜர் தங்கராஜு. பால்தாலிலிருந்து மேலே, ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். எதிராளி மேலே இருந்து சுடுவான். வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, கல்லை உருட்டி, வளைவுகளை டாங்கு திரும்புகிற அளவுக்கு வெட்டினார்கள். மார்கழிப் பனியையே குளிர் என்று சொல்கிற ஊர்க்காரர்கள், சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் செய்த வேலை இது. கீழே 7வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகள் ஜம்மு பக்கத்திலிருந்து, உளவு தெரியாமலிருக்கக் கோபுரத்தைக் கழற்றி மூடிக்கொண்டு, பலவீனமான பாலங்களைத் தாண்டி வந்து சேர்ந்தன. அந்தக் குதிரைப்படையும் பூர்வீகத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது என்பது வரலாறு செய்த சின்னக் குறும்பு.

நவம்பர் 1 அன்று, பனி விழுந்துகொண்டிருக்கையில், டாங்குகள் கணவாய்க்குள் நுழைந்தன. முன்னால் போன டாங்கில் திம்மய்யா உட்கார்ந்திருந்தார். ஒரு டிவிஷனின் தளபதி அங்கே உட்காருவதை ராணுவப் பாடநூல் எதுவும் சிபாரிசு செய்யாது. செத்தால் மொத்தப் படைக்கும் தலை இல்லை. ஆனால் பாதை தாங்குமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. தாங்கும் என்று நம்பித்தான் திட்டமே போட்டார், அந்த நம்பிக்கையின் மேல் முதலில் தன் எடையை வைத்தார். பாதை தாங்கியது. அன்றே கணவாய் கைக்கு வந்தது, அந்த மாதத்துக்குள் திராஸும் கார்கிலும். புத்தகங்களில் திம்மய்யாவும் டாங்குகளும் இருக்கிறார்கள், இருக்கவேண்டியவர்கள்தான். தங்கராஜுவின் பெயரை ஒரு வரியில் தேடிப் பிடிக்கவேண்டும்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷக்கர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே மலை இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கண்ணிவெடி வயல் இருந்தது. 9வது இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் தம்பிகள் பீரங்கிக் குண்டு மழையில் வழி திறந்துகொண்டிருந்தார்கள். பாதி தூரம்தான் திறந்திருக்கும்போதே எதிரி டாங்குகள் வருகிற சத்தம். அக்கரையில் இருந்த காலாட்படை உதவி கேட்டது. பூனா ஹார்ஸ் டாங்குகள் மீதிப் பாதியைச் சரிபார்க்காமலே கடந்து போய்விட்டன. அப்படிப் போய்ச் சேர்ந்த 21 வயது அருண் கேதர்பால் மறுநாள் சண்டையில் இறந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். பல இடங்களில் கண்ணி எடுக்கும் வேலையை நேரில் நின்று நடத்திய மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி குண்டு பட்டு இறந்து மகாவீர் சக்கரம் பெற்றார். பின்னவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

இதுவரை ஒரு வருஷத்தைத் தாண்டி வந்தாயிற்று. அங்கே திரும்பவேண்டும்.

1944 பிப்ரவரி, இத்தாலி. ரோமுக்குப் போகும் சாலையைக் காசினோ மலையில் ஜெர்மானியர் மறித்திருந்தார்கள். 15ஆம் தேதி மலை உச்சி மடாலயத்தை நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. அதற்குச் சற்றுத் தெற்கே மின்யானோ. ஜெர்மானியர் பின்வாங்கிப் போன நிலம், ஆனால் போகும்போது விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலச் சேற்றுக்கு அடியில் கண்ணிவெடிகள்.

அவற்றில் ஒரு வகை, ஒரு சின்ன டப்பா அளவு. உயரம் ஒரு சாண்கூட இருக்காது, எடை நாலு கிலோ. மண்ணுக்கு மேலே மூன்று கம்பி முனைகள் மட்டும் புல்லோடு புல்லாகத் தெரியும். ஏழு கிலோ பாரம் பட்டால் போதும். முதலில் சின்னதாக ஒரு ‘டப்’. பிறகு சுமார் நாலு வினாடி மௌனம். அதற்குப் பின் உள்ளிருக்கும் உருளை இடுப்பு உயரத்துக்கு எகிறி நடுவானில் வெடித்து, முந்நூற்றறுபது உருண்டைகளை நாலா பக்கமும் இறைக்கும். மிதித்தவன் காலை எடுக்காமல் நின்றால் வெடிக்காது என்பதெல்லாம் சினிமா. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நாலு வினாடிதான்.

வழி திறக்கும் முறை இது. முன்னால் ஒருவர் மைன் டிடெக்டரைத் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டே போவார். காதில் மாட்டிய ஒலிக்கருவியில் சத்தம் மாறினால் நின்று, மண்டியிட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியைச் சாய்வாக மண்ணில் செருகித் தடவிப் பார்க்கவேண்டும். நேராகக் குத்தினால் வெடிமேலேயே குத்திவிடும். மரப்பெட்டியில் செய்த கண்ணிகளுக்குக் கருவி சத்தமே கொடுக்காது. அவருக்குப் பின்னால் வருகிறவர், பார்த்து முடித்த நிலத்தின் ஓரமாக வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டே வருவார். நாடாவுக்கு இந்தப் பக்கம் வாழ்வு, அந்தப் பக்கம் உத்தரவாதமில்லை.

24ஆம் தேதி முன்னால் டிடெக்டரோடு போனவர் சுபேதார் சுப்பிரமணியன். வயது முப்பத்தொன்று. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கம். புள்ளலூரும் மன்றோ பீரங்கியைத் தள்ளிய குளமும் இருக்கிற அதே காஞ்சிபுரம் வட்டாரம். சுபேதார் என்றால் அங்கே நின்ற இந்தியச் சிப்பாய்களுக்கெல்லாம் பெரியவர். கருவியை ஒரு நாயக்கிடம் கொடுத்துவிட்டு நாடாவுக்குள் பத்திரமாக நின்று மேற்பார்வை பார்த்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் நாடா விரித்து வந்தவர் ஒரு லான்ஸ் நாயக். அவருக்கும் பின்னால் மற்றவர்கள்.

லான்ஸ் நாயக்கின் காலடியில் அந்தச் சின்ன ‘டப்’ கேட்டது.

சத்தத்தின் அர்த்தம் சுப்பிரமணியனுக்குத் தெரியும். அவர் தொழிலே அது. இந்தக் கண்ணி மேலே எகிறி வெடிப்பதால், சட்டென்று விலகித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்பதும் பயிற்சியில் சொல்லித் தருவதுதான். அவர் திரும்பி வந்து லான்ஸ் நாயக்கைத் தள்ளிவிட்டுக் கண்ணியின் மேல் விழுந்தார். வெடிப்பின் முழு வேகத்தையும் அவர் உடம்பு வாங்கிக்கொண்டது. சில நிமிஷங்களில் இறந்தார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது.  1945 மார்ச்சில் வைஸ்ராய் வேவல் அதை அவருடைய மனைவியிடம் கொடுத்தார். விக்டோரியா கிராஸ் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. விக்டோரியா கிராஸ் எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கு உரியது. ஜார்ஜ் கிராஸ், அதற்குச் சற்றும் குறையாத துணிவுக்கு, ஆனால் எதிரி எதிரே இல்லாதபோது. மின்யானோவில் எதிரி கண்ணியை வைத்துவிட்டு எப்போதோ போய்விட்டான். எதிரே இருந்தது சேறும், ஒரு டப்பாவும், நாலு வினாடியும். விதிப்படி பார்த்தால் பதக்கம் சரியாகத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பதக்கம் பெற்றவர்களின் பட்டியலில் பெரும்பாலோருக்கு இரண்டு பெயர், மூன்று பெயர், நடுவே முதலெழுத்துகள். இவர் இடத்தில் ‘சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது.